காசிம்ட இறக்கம்

சந்தியில் தேத்தண்ணிக் கடை போட்டால் பாதி நாள் வழி சொல்லுகிற வேலைதான் என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் ஐஸ் லொறி ஓட்டுகிற சுனில். நாட்டில் சண்டை முடிந்த அடுத்த வருஷம், நான் கடை திறந்த முதல் கிழமை. லொறியை ஓரமாக நிறுத்தி, ஒரு பிளேன்டி குடித்து, கிளாசைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "ஜெமீலா அக்கா, தேத்தண்ணி சரியில்லாட்டி ஆக்கள் ஒண்டும் சொல்லாம போயிடுவாங்க. வழி பிழைச்சா திரும்பி வந்து ஏசுவாங்க."

எங்கள் சந்தி கற்பிட்டி ரோட்டில், குறிஞ்சிப்பிட்டிப் பக்கம். ஒரு கையில் கடல், மறு கையில் களப்பு, கரைக்குள் அடங்கின உப்புத் தண்ணீர். சந்தியிலிருந்து ஒரு கிரவல் ரோட்டு களப்புக்கு இறங்கும். அது முடிகிற இடத்தில்தான் படகைத் தண்ணீருக்கு இறக்குவதும், பழுது பார்க்க மேலே இழுப்பதும். இறக்கம் என்றுதான் நாங்கள் சொல்லுவது. அதற்கு இரண்டு பக்கமும் கண்டல் மரமும் முழங்கால் சேறும். வேறு இடத்தில் படகை ஏற்ற ஏலாது. என் மகன் ரிஸ்வானின் படகும் அதில்தான் ஏறி இறங்குகிறது. அந்த இறக்கம் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் உலை வைக்கிறது கஷ்டம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சண்டை முடிந்த பிறகு இந்தப் பக்கம் புதுப் புது ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தூண்டில் போட வருகிறவர்கள், கடலில் துள்ளுகிற ஓங்கில் மீன் பார்க்க வருகிறவர்கள், வாகனத்துக்குப் பின்னால் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறவர்கள். எல்லாரும் என் கடைக்கு முன்னால் பிரேக் போடுவார்கள். உங்களில் சந்தியில் கடை வைத்திருக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வழி கேட்கிறவர் தேத்தண்ணி குடிக்க மாட்டார். தேத்தண்ணி குடிக்கிறவருக்கு வழி தெரிந்திருக்கும்.

பெயர் வந்த விதம்

முந்தி அதற்குப் பெயர் கிடையாது. வெறும் கரை. பிறகு கொங்கிரீட் போட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மேசன் பாஸும் அவருடைய ஆட்களும் கொங்கிரீட்டை வழித்து மட்டமாக்கி, குறுக்கே இரண்டு தென்னோலையைப் போட்டுவிட்டு ஜும்ஆவுக்குப் போனார்கள்.

காசிம் நானா சைக்கிளில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு, படகு வந்ததும் மீன் எடுத்து ஊருக்குள் விற்கிறவர். அன்று பிரயாணத்தில் இருந்ததால் ஜும்ஆ அவருக்குத் தப்பிவிட்டது. வந்தவர் ஓலையைப் பார்த்தார். காற்றுக்கு விழுந்தது என்று நினைத்து, இறங்கி, ஆட்கள் நடக்கிற பாதை என்று இரண்டையும் தூக்கி ஓரமாக வைத்தார். அது நல்ல குணம். பிறகு ஏறி மிதித்தார். சைக்கிள் ஒரு சத்தமும் இல்லாமல் பச்சைக் கொங்கிரீட்டில் நேராக ஓடி, களப்புக்குள் போய்விட்டது.

பள்ளியால் வந்தவர்கள் பார்த்தபோது மேலேயிருந்து தண்ணீர் வரைக்கும் ஒரு டயர்த் தடம். தண்ணீரிலிருந்து மேலே ஒரு தடமும் இல்லை. காசிம் நானா தூரத்தில் கண்டல் மரத்துக்குள் நின்று, இடுப்பு வரைக்கும் சேறாக, சாரத்தைப் பிழிந்துகொண்டிருந்தார். அன்றிலிருந்து சின்னப் பிள்ளைகூட அதைக் காசிம்ட இறக்கம் என்றுதான் சொல்லும். மேசன் பாஸ் கையில் மட்டக் கட்டையோடு குனிந்து அந்தத் தடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "போனது விளங்குது. வந்தது எங்கால?"

உப்பளத்தில் நின்ற படகு

கொழும்பிலிருந்து ஒரு துரை ஜீப்பில் வந்தார். பின்னால் வெள்ளைப் படகு, கண் கூசுகிற வெள்ளை. இறக்கத்துக்கு வழி கேட்டார். கிரவல் ரோட்டைக் காட்டினேன். அவர் கையிலிருந்த போனை எனக்குக் காட்டி, "இது வேற மாதிரிச் சொல்லுதே" என்றார். போனுக்குள் ஒரு பெண்பிள்ளை இங்கிலீசில் கதைத்துக்கொண்டிருந்தாள். நான் படித்தது ஏழாம் வகுப்பு. இரண்டு பெண்களும் இரண்டு வழி சொன்னால் அவர் இங்கிலீஸ் பேசுகிறவளைத்தான் நம்புவார். நம்பிப் போனார்.

லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், உப்பளத்தில் வேலை செய்கிற பாத்தும்மா ராத்தா முக்காட்டை வாயில் கடித்துக்கொண்டு என் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறா. சிரிப்பை அடக்குகிறதுக்கு. போனில் நீலமாகத் தெரிந்த இடம் உப்புப் பாத்தி. கடும் கோடை. துரை தன்னுடைய ஜீப்பையும் படகையும் காய்ந்த பாத்தியின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தி, இறங்கி, நாலு பக்கமும் பார்த்து, உப்பு வழித்துக்கொண்டிருந்த இவவிடம், இதில் தண்ணீர் எப்போது வரும் என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். இவவும் மரியாதையாகத்தான் பதில் சொல்லியிருக்கிறா: "மாரிக்கு வரும் தொர. அதுவரைக்கும் நிக்கிறதெண்டா போட்டை அடிக்கடி அசைச்சுக் குடுங்க, உப்பு விளைஞ்சிடும்."

லொறிக்குள் வைத்து அனுப்பின சாமான்

என் வீட்டுக்காரர் மன்னார் ஆள். நானும்தான். அந்த நாட்களில் அவருக்குத் தெரிந்த சிங்களம் மீனின் பெயரும் மீனின் விலையும். காதும் ஒரு பக்கம் மந்தம். ஒருநாள் காலையில் நான் உள்ளே ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கும்போது, சிலாபம் பக்கமிருந்து ஒரு லொறி வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "தொட்டுபொல கோ?" என்றான். படகுத் துறை எங்கே என்பதைச் சிங்களத்தில் அப்படித்தான் கேட்பார்கள். என் வீட்டுக்காரருக்குத் தோட்டம் என்று ஒன்று கேட்டது. பொல் என்று ஒன்று கேட்டது. பொல் என்றால் தேங்காய் என்பது அவருக்குத் தெரியும். தென்னந்தோட்டம் தேடி வந்த லொறிக்கு வழி சொல்ல என்ன கஷ்டம்? இருப்பதற்குள் பெரிய தோட்டத்தைக் காட்டி அனுப்பிவிட்டார். டிரைவர் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

அந்தத் தோட்டத்துக் காவல்காரர் மார்ட்டின் அண்ணன். தேங்காய் ஏற்ற வந்த லொறி என்று அவரும் கேற்றைத் திறந்து, கடைசி வரைக்கும் போகச் சொல்லிவிட்டார். கடைசியில் இருப்பது கிணறு. டிரைவர் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, லொறியை மூடியிருந்த படாங்கைக் கழற்றிப் படகைக் காட்டினபோதுதான் இரண்டு பக்கமும் விஷயம் விளங்கியிருக்கிறது.

பின்னேரம் மார்ட்டின் அண்ணன் கடைக்கு வந்து, தேத்தண்ணி வாங்கி, ஊதி ஊதிக் குடித்து முடித்தார். எழும்பும்போது என் வீட்டுக்காரரின் நல்ல காதுப் பக்கமாகக் குனிந்து சொன்னார்: "தேங்காய்க்கு லொறி அனுப்புறது சந்தோசம் பாய். அடுத்த தரம் உள்ளுக்க போட் வைக்காம அனுப்புங்க, தேங்காய்க்கு இடம் காணாது."

வாங்கப்போகிற படகு

புத்தளம் டவுனிலிருந்து ஒரு சேர் வருவார். பென்சன் எடுத்தவர், வெள்ளைச் சேர்ட், குடை. படகு ஒன்று வாங்கிக் களப்பில் தூண்டில் போடவேண்டும் என்பது அவருடைய ஆசை. வந்து இறக்கம் எங்கே என்று கேட்பார். சொல்லுவேன். நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு பிளேன்டி குடிப்பார். அடுத்த வருஷமும் வருவார், அதே கேள்வியோடு. படகு இருக்காது. ஒருதரம் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன், எப்போது சேர் வாங்கப் போகிறீர்கள் என்று. அவர் கோபிக்கவில்லை. "இந்த வருஷமும் சரிவரல்ல மகள். இறக்கம் இருக்குத்தானே, அவசரமில்ல."

தலவிலைக்குத் தண்ணீரால்

தலவிலைத் திருநாள் காலம் வந்தால் எங்கள் ரோட்டில் இடமிருக்காது. அந்தக் கூட்டத்துக்குள் சிலாபத்து அந்தோனியும் அவருடைய மனைவியும் வந்தார்கள். புதுப் படகு, பெயின்ட் வாசம் போகவில்லை. அதைத் தண்ணீரால் ஓட்டிக்கொண்டுபோய் அன்னம்மா தாயாரின் கோயிலடியில் கரை சேர்க்கவேண்டும் என்று நேர்ச்சை. இறக்கத்துக்கு வழி கேட்டார். சொன்னேன். பிறகுதான், இதிலிருந்து தலவிலைக்கு எவ்வளவு நேரம் ஓடவேண்டும் என்று கேட்டார்.

தம்பி, நீங்கள் தலவிலைச் சந்தியைத் தாண்டி வந்துவிட்டீர்கள், தலவிலை கடல் பக்கம், இது களப்பு, இதில் இறக்கினால் கற்பிட்டி முனையைச் சுற்றிக் கடலுக்குப் போய்த் திரும்பவும் கீழே வரவேண்டும் என்றேன். "தண்ணிக்கும் தண்ணிக்கும் என்ன வித்தியாசம் அக்கா" என்று சொல்லிவிட்டு அவர் மட்டும் இறங்கிப் போனார். மனைவி என் வாங்கிலேயே இருந்துவிட்டா.

வெயில் சாய்ந்தது. ஆளைக் காணவில்லை. காற்றும் எழும்பிவிட்டது. அவ செபமாலையை எடுத்தா. நான் உள்ளே பாய் விரித்து மஃரிப் தொழுது, துஆவை நீட்டிக் கேட்டேன். இரண்டு பேரும் கேட்டது அந்த ஒரு மனுஷனைத்தான். வெளிச்சம் போகிற நேரம் ரிஸ்வான் தன் படகில் கயிறு போட்டு அவரை இழுத்துக்கொண்டு வந்தான். மணல் திட்டில் ஏறி, அங்கேயே உட்கார்ந்திருந்தாராம். நனைந்து வந்த புருஷனை மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்தா. அழப்போகிறா என்று நான் பக்கத்தில் போனேன். அவ என்னிடம் சொன்னது இதுதான்: "தாயார் எல்லாரையும் நடந்துதான் வரச் சொல்றா அக்கா. இவரை மட்டும் சுத்தி வரச் சொல்லியிருக்கிறா."

அஸர் நேரத்தில் வந்தவர்

இப்படி வழி தெரியாமல் ஆட்கள் அலைகிறதைக் கேள்விப்பட்டோ என்னவோ, அரசாங்கக் கந்தோர் ஒன்றிலிருந்து ஒரு இளம் ஒஃபிசர் கரை நெடுக வந்தார். எந்த இறக்கம் பொது, எந்த இறக்கம் தனியார் என்று எழுதுகிறதுக்கு. பொது என்று எழுதினால் யாரும் வந்து படகு இறக்கலாம். தனியார் என்று எழுதினால் சொந்தக்காரர் வைத்ததுதான் சட்டம். நல்ல நோக்கம். நல்ல பிள்ளை. வந்த நேரம்தான் சரியில்லை.

நான் கடைக்குப் பின்னால் அஸர் தொழுகையில் நின்றேன். நடுவில் ஒரு கிடுகுத் தட்டிதான். ஒரு சொல் விடாமல் கேட்கிறது. வாங்கில் இருந்தது என் வீட்டுக்காரரும் சுனிலும்.

"இந்த ரோட்டால போனா ஒரு இறக்கம் இருக்காமே. அது யார்ட?"

"காசிம்ட" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஓம், காசிம்ட" என்றார் சுனில்.

"நிச்சயமா?"

"யார்ட்ட வேணுமெண்டாலும் கேளுங்க. சின்னப் புள்ளகூட சொல்லும்."

"எவ்வளவு காலமா அவர்ட?"

"கொங்கிரீட் போட்ட நாள்ல இருந்து."

தொழுகையில் நிற்கிறவள் வாய் திறக்க ஏலாது. அவசரமாகத் தொழுதேன் என்றும் சொல்ல மாட்டேன், அது அல்லாஹ்வுக்குத் தெரியும். ஸலாம் கொடுத்து வெளியில் வர, மோட்டார் சைக்கிளின் புழுதிதான் நின்றது. என்ன வேலை செய்தீர்கள், எல்லாரும் இறக்கிற இடத்தை ஒரு ஆளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்களே என்று இரண்டு பேரையும் கேட்டேன். சுனில் தலையைச் சொறிந்தார். என் வீட்டுக்காரருக்கு மனவருத்தம் வந்துவிட்டது. "நீ உள்ளுக்க தொழுதுட்டு இருக்கக்குள்ள, வெளியில இருந்து நாங்க பொய் சொல்லலாமா?"

சங்கிலி

இறக்கத்துக்குப் பக்கத்துக் காணியை ஒரு கொழும்பு முதலாளி வாங்கியிருந்தார். உல்லாசப் பிரயாணிகளுக்குக் குடில் கட்டுகிறதுக்கு. அது யாரோ ஒரு காசிமின் தனி இறக்கமாம் என்று அவருடைய காதுக்கும் போயிருக்கிறது. ஒருநாள் சுபஹ் தொழுதுவிட்டு ரிஸ்வான் போனால், இறக்கத்தின் தலைப்பில் இரண்டு கட்டை, நடுவில் சங்கிலி, அதில் பூட்டு. காசிமோடு பேசி முடிக்கும் வரைக்கும் பாதுகாப்புக்கு முதலாளி போட்டதாம்.

அந்தக் கிழமைதான் ரிஸ்வானின் படகு கல்லில் அடித்து அடிப்பக்கம் வெடித்திருந்தது. இழுத்து ஏற்றி ஒட்டவேண்டும். சங்கிலி கிடக்க டிரக்டர் இறங்குமா? பிள்ளை தொழிலுக்குப் போகாமல், காலையிலும் பின்னேரமும் இடுப்பளவு தண்ணீரில் நின்று, படகு தாழாமல் இறைத்துக்கொண்டிருந்தான். டவுனில் இருந்து வந்த சேர் சங்கிலியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, பிளேன்டியும் குடிக்காமல் குடையை விரித்துக்கொண்டு போனார். "நல்ல வேளை மகள், நான் போட் வாங்கல்ல" என்று மட்டும் சொன்னார்.

தொண்ணூறாம் வருஷம் சண்டைக்குள் மன்னாரை விட்டு விரட்டப்பட்டு நாங்கள் வந்து ஏறினதும் அந்தக் கரையில்தான். கையில் ஒரு பிள்ளை, வயிற்றில் ரிஸ்வான். அப்போது கொங்கிரீட்டும் இல்லை, பெயரும் இல்லை. சேற்றுக்குள் இறங்கி வந்து எங்கள் தோணிக் கயிற்றைப் பிடித்தவர்கள், நீங்கள் யார், எந்த ஊர் என்று ஒன்றும் கேட்கவில்லை. காலைப் பார்த்து வையுங்கள், கீழே சிப்பி கிடக்கு என்றார்கள். அவ்வளவுதான். அதில் ஒருவர் காசிம் நானா. சங்கிலி இன்றைக்குச் சங்கிலி, நாளைக்குக் கேற், பிறகு மதில். அதற்குப் பிறகு தண்ணீரால் வருகிறவன் எங்கே ஏறுவான்?

இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுக் காசிம் நானாவின் வீட்டுக்குப் போனேன். முதலாளி எனக்கு முந்திப் போய்விட்டார். பெரிய பிஸ்கட் டின் ஒன்று மேசையில் இருந்தது. வீடு என்றால் அதுவும் அடுத்தவர் காணியில் போட்ட கொட்டில், மேலே பார்த்தால் வானம் தெரியும். "விலையை நீங்களே சொல்லுங்க நானா" என்று முதலாளி நல்ல தன்மையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். காசிம் நானா தகரத்து ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மனைவி ராஹிலா கதவு நிலையில் நின்று சொன்னா: "ஊரே ஒங்கடதெண்டு சொல்லுது. ஒரு கெழமைக்காச்சும் சொந்தக்காரனா இருந்துட்டுப் போங்களேன். நானும் அது எப்பிடி எண்டு பாத்துக்கொள்ளுறன்."

அவர் ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவவின் கூரை ஓட்டை அடைபட்டுவிடும், என் பிள்ளையின் படகு தாழ்ந்துவிடும். இரண்டையும் நினைத்து, என்ன துஆ கேட்கிறது என்று தெரியாமல் நின்றேன். காசிம் நானா பிஸ்கட் டின்னைக் கொஞ்சம் முதலாளியின் பக்கமாகத் தள்ளிவைத்தார். "விக்கிறதுக்கு எனக்கிட்ட ஒண்டும் இல்ல தொர. அது நான் விழுந்த எடம். விழுந்ததுக்கு ஏதும் தாரதெண்டா தாங்க, வாங்கிக்கொள்ளுறன்."

காயாத கொங்கிரீட்

முதலாளி அதைப் பேரம் என்று நினைத்துவிட்டார். சங்கிலி அப்படியே கிடந்தது. அந்த ஒஃபிசரைத் திரும்பக் கொண்டுவந்தால்தான் சரி என்று, பிழை சொன்னவர்களில் ஒருவரான சுனிலையே டவுனுக்கு அனுப்பினேன். அடுத்த நாள் ஒஃபிசர் ஐஸ் லொறியில் முன்சீட்டில் இருந்து வந்து இறங்கினார். காற்சட்டை ஒரு பக்கம் ஈரம். ஆனாலும் முகத்தைச் சுளிக்கவில்லை. முதலாளியும் வந்துவிட்டார். ஊரில் பாதி இறக்கத்தடியில்.

ஒஃபிசர் எல்லாரையும் பார்த்துக் கேட்டார். "இது யார்ட இறக்கம்?"

எங்கட சனத்தைப் பற்றி எனக்குத் தெரியும். வாயெல்லாம் கா என்று திறக்கப் பார்த்தது. நான் முந்திக்கொண்டு, "எங்கட" என்றேன். சபையில் நான் கதைத்தது அதுதான் முதல்தரம்.

"எங்கட எண்டா? நீங்க இந்த ஊரா அம்மா?"

"நான் மன்னார், தம்பி. இந்தக் கரையால ஏறி வந்த ஆள். டவுன் சேருக்கு ஒரு போட்கூட இல்ல, அவரும் வாறவர். யார் வந்து இறக்கினாலும் அவங்கட."

பெயர் காசிம்ட என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று ஒஃபிசர் காசிம் நானாவைக் கேட்டார். காசிம் நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சங்கிலிக்குக் கீழால் குனிந்து போய், கொங்கிரீட்டில் குந்தி, பாசியைக் கையால் வழித்தார். டயர்த் தடம் பூவும் கோடுமாகத் தெளிவாகத் தெரிந்தது. "இது என்ட சைக்கிள் ஐயா. தன்ட சொந்தக் கொங்கிரீட்டு காயமுந்தி அதுக்கு மேலால சைக்கிள் ஓடுற மனுசன் ஒலகத்துல ஈக்கிறானா? என்டதா இருந்தா அண்டைக்கு நான் எறங்கி உருட்டிக்கொண்டு போயிருப்பன்."

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒஃபிசர் சிரிக்கவில்லை. தடம் வழியே தண்ணீர் வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு, மேசன் பாஸ் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார், போன தடம் இருக்கு, வந்த தடம் எங்கே என்று. இவ்வளவு காலமும் அதற்கு யாரும் பதில் கேட்டதில்லை. காசிம் நானா எழுந்து நின்று, கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சேத்தால வந்தன் ஐயா. பொதுச் சொத்த ரெண்டாந் தரமும் பழுதாக்கக் கூடாதே."

பலகை

ஒஃபிசர் பொது என்று எழுதினதும் பூட்டை முதலாளியே திறந்தார். சங்கிலியை ரிஸ்வானின் கையில் கொடுத்து, இனி எனக்கு என்னத்துக்கு என்றார். நல்ல பலமான சங்கிலி. அன்று பின்னேரம் படகை இழுத்து ஏற்றினதும் அதைக் கொண்டுதான். காசிம் நானாவின் கூரைக்கு ஊர்ப் பொடியன்கள் தகரம் போட்டுக் கொடுத்தார்கள். பிஸ்கட் டின்னை முதலாளி திரும்பக் கொண்டுபோகவில்லை. ராஹிலா அதில் மிளகாய்த் தூள் போட்டு வைத்திருக்கிறா, விழுந்ததுக்குக் கிடைத்தது என்று.

சில மாதத்தில் இறக்கத்தடியில் பெரிய பலகை ஒன்று நட்டார்கள். மூன்று பாஷையிலும், பொது இறங்குதுறை என்று. போனுக்குள்ளும் இப்போது அந்தப் பெயர்தானாம். அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் சரி என்று இருந்தேன். போன மாதம் ஒரு வேன்காரர் படகை இழுத்துக்கொண்டு வந்து, என் கடையைத் தாண்டிப் போய், எதிரே சைக்கிளில் வந்த காசிம் நானாவை மறித்து, பொது இறங்குதுறை எங்கே என்று கேட்டார். காசிம் நானா காலை ஊன்றி நின்று, ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கு இங்கிருந்தே கேட்டது. "பொது எண்டு ஒராள் இந்த ஊர்ல இல்லையே தம்பி. என்டது ஒண்டு ஈக்கிது, அது போதுமா?"

எல்லாருக்கும் சொந்தமான ஒரு இடத்தைக் கண்டுபிடிக்க, சொந்தமாக ஒன்றும் இல்லாத ஒரு மனுஷனின் பெயரைக் கேட்கவேண்டியிருக்கிற ஊர் எங்கள் ஊர். நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் நீங்களும் அப்படியே கேளுங்கள். ஆனால் நீங்கள் அங்கே நிற்கிற நேரம் யாராவது பேனையும் கையுமாக வந்து இந்த இறக்கம் யார்ட என்று கேட்டால், தயவுசெய்து, எங்கட என்று சொல்லிவிடுங்கள்.